அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுப் பண்ணை வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். விசா, குளிர், சமைத்துச் சாப்பிடுவது, ஊருக்குப் பணம் அனுப்புவது எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அங்கே ஓட்டப்போகிற வண்டியை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கியர் மாற்றும் தொல்லை இல்லை, கிளட்ச் கிடையாது, மிதித்தால் போகும், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். இடம் பற்றாவிட்டால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், பெல்ட் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். ஊரில் 11 வருஷம் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருந்தேன். இப்போது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்து ஷெப்பார்ட்டன் பக்கம், ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் வண்டி வாகனம் பார்க்கிற வேலை. இந்தக் கோல்பர்ன் பள்ளத்தாக்கில்தான் அந்த நாட்டுப் பேரிக்காயில் பெரும்பங்கு விளைகிறது. டிராக்டர், மருந்தடிக்கிற மெஷின், பம்ப்செட்டு எல்லாம் என் தலையில்தான். அதில் அடிக்கடி மக்கர் செய்து என் ஷெட் வாசலில் வந்து நிற்பது, இங்கே சைடு பை சைடு என்று சொல்கிற வண்டி. பார்த்தால் ஜீப்புக்குப் பிறந்த குட்டி மாதிரி இருக்கும். இரண்டு மூன்று பேர் பக்கம் பக்கமாக உட்காரலாம், ஸ்டியரிங் உண்டு, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, பின்னால் சாமான் போடத் தொட்டி. கவாசாகி மியூல் 1988-லும் போலாரிஸ் ரேஞ்சர் 1998-லும் வந்தவை, ஆக ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. ஆனால் இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் பெருகியது சமீபத்தில்தான். முன்பு க்வாட் பைக் என்கிற நாலு சக்கர பைக் ஓட்டுவார்கள். அது கவிழ்ந்து ஆள் மேல் விழுந்து செத்தவர்கள் நிறையப் பேர். 2021 அக்டோபர் 11 முதல், கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கிற அமைப்பு இல்லாமல் புது க்வாட் விற்கக் கூடாது என்று ஆகிவிட்டது, பெரிய கம்பெனிகள் பல அதை இங்கே விற்பதையே விட்டுவிட்டன. அந்த இடத்தைப் பிடித்தது இந்த வண்டி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் கிளட்ச் இல்லை என்பது தப்பு. ஒன்றுக்கு இரண்டு இருக்கிறது. மிதிக்கிற பெடல்தான் கிடையாது.

எண்பதுகளில் கைனெடிக் ஹோண்டா வந்தபோது ஊரில் பழைய மெக்கானிக்குகள் அதன் இடது பக்கக் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, மாவு மில்லை உள்ளே வெச்சிருக்கான்" என்று சிரித்தார்கள். அதே சமாச்சாரம்தான் இன்று ஆக்டிவாவிலும் ஓடுகிறது, இந்தத் தோட்டத்து வண்டியிலும் ஓடுகிறது. இன்ஜின் தண்டில் ஒரு புல்லி (இது முன் புல்லி), கியர்பாக்ஸ் தண்டில் ஒரு புல்லி (இது பின் புல்லி), நடுவில் வி-பெல்ட். தோட்டத்து வண்டியில் இந்த இரண்டு புல்லியும்தான் நான் சொன்ன இரண்டு கிளட்ச். ஒவ்வொரு புல்லியும் இரண்டு தட்டாகப் பிரிந்திருக்கும், இரண்டு சாஸரை முதுகோடு முதுகு வைத்த மாதிரி. இன்ஜின் வேகம் ஏற ஏற, முன் புல்லிக்குள் இருக்கும் வெயிட்டுகள் வெளியே விரிந்து தட்டை நெருக்கும். நெருக்கினால் பெல்ட் மேலே ஏறும். பின் புல்லியில் அதே பெல்ட் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கும். ஏற்றமோ பாரமோ வந்தால் பின் புல்லி மறுபடி நெருக்கிப் பெல்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அதுதான் கியர் இறங்குவது. நெதர்லாந்தில் டாஃப் என்கிற கம்பெனி 1958-லேயே காரில் இதைப் போட்டுவிட்டது.

இங்கே ஒரு வித்தியாசம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நம் ஸ்கூட்டர் மெக்கானிக் பையன்கள் ஏமாறுகிறார்கள், நானும் முதலில் ஏமாந்தேன். ஸ்கூட்டரில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே சுற்றிக்கொண்டிருக்கும், பின் சக்கரத்துப் பக்கம் தனியாக ஒரு கிளட்ச் ஷூ இருக்கிறது, வழுக்குவது தேய்வது எல்லாம் அதன் பாடு. இந்தப் பண்ணை வண்டிகளில் பலவற்றில் அந்த ஷூவே கிடையாது. ஐடிலில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டு நிற்கும்போது, முன் புல்லி வாயைத் திறந்து வைத்திருக்கும், பெல்ட் அதற்குள் தொளதொளவென்று சும்மா கிடக்கும். மிதித்ததும் தட்டுகள் வந்து பெல்ட்டைக் கவ்வுகின்றன பாருங்கள், அந்தக் கவ்வல்தான் கிளட்ச். அதாவது பெல்ட்டேதான் கிளட்ச் பிளேட். வழுக்கினால் தேய்வதும் எரிவதும் அதுவேதான். (யமஹாவில் இன்ஜின் பக்கம் ஆயிலில் ஊறின கிளட்ச் தனியாக வைத்திருக்கிறான், அதில் பெல்ட் ஸ்கூட்டர் மாதிரி எப்போதும் இறுக்கமாக இருக்கும். குபோட்டா ஆர்டிவி வரிசையில் பலது ஹைட்ராலிக், பெல்ட் தேடி மெனக்கெட வேண்டாம். கையில் இருப்பது எந்த ரகம் என்று பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள்.)

இப்போது அந்தப் பையன் கதை. பெயர் வேண்டாம், கம்பம் பக்கத்துப் பையன், 24 வயது, பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கான்ட்ராக்டர் மூலமாக வேலைக்கு வந்தவன். ஜனவரியில் அறுவடை தொடங்கி மார்ச் முடிவதற்குள் அவன் ஓட்டின வண்டியில் மூன்று பெல்ட் போய்விட்டது. இங்கே ஒரு பெல்ட் 200 டாலருக்கு மேல். மூன்றாவது அறுந்த அன்று கான்ட்ராக்டர், இவனுக்கு ஓட்டத் தெரியவில்லை, இனிமேல் சம்பளத்தில் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டார். பையன் ராத்திரி எனக்குப் போன் செய்தான், அழாத குறை.

நான் கேட்ட முதல் கேள்வி, பழைய பெல்ட்டுகள் எங்கே என்பதுதான். குப்பையில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். "என் கட்டிலுக்கு அடியில இருக்குண்ணே" என்றான். ஏண்டா வைத்திருக்கிறாய் என்றால், "இருநூறு டாலர்ண்ணே, தூக்கிப் போட மனசு வரலை" என்கிறான். அந்தக் கஞ்சத்தனம்தான் அவனைக் காப்பாற்றியது.

அடுத்த நாள் சாயங்காலம் அவர்கள் ஷெட் தரையில் ஒரு தார்ப்பாயை விரித்து மூன்றையும் வரிசையாகப் போட்டேன். முதல் பெல்ட்டில் ஒரே ஓர் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு பக்கமும் உள்வாங்கி இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. அந்த இடத்தில் ரப்பர் கருகிப் பளபளவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு போலவே. இதைப் பார்த்தால் வேறு சாட்சியே வேண்டாம். சக்கரம் எங்கேயோ புதைந்து நின்றிருக்கிறது, பின் புல்லி அசையவில்லை, முன் புல்லி மட்டும் அதே இடத்தில் பெல்ட்டைத் தேய்த்துத் தேய்த்துக் குழி பறித்திருக்கிறது. அப்படி ஆன பெல்ட்டைப் போட்டு ஓட்டினால் கிளம்பும்போதெல்லாம் தடக் தடக் என்று உதைக்கும், ஒரு நாள் அந்த இடத்திலேயே போய்விடும். பையனைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான். "தண்ணி பாய்ச்சின வரிசைண்ணே. பின்னாடி டிரெய்லர்ல பழத் தொட்டி. டயர் இறங்கிருச்சு. ஹையிலயே வெச்சு மிதிச்சேன்." (இந்த வண்டி லீவரில் பாரத்துக்கு லோ, வேகத்துக்கு ஹை என்று இரண்டு உண்டு.) சரி, இது உன் கணக்கு என்றேன்.

இரண்டாவதும் மூன்றாவதும் வேறு கதை. இரண்டிலும் ஒரு பக்க ஓரம் மட்டும் பிரிந்து, கோணிச் சாக்கு ஓரம் மாதிரி நூல் நூலாகத் தொங்கியது. எதிர்ப் பக்கம் சுத்தமாக இருந்தது. ஒரே ஓரம், இரண்டு பெல்ட்டிலும் அதே ஓரம். ஓட்டுகிறவன் எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் இப்படி ஒரு பக்கமாகப் பெல்ட்டை மேய முடியாது. இரண்டு புல்லியும் ஒரே நேரில் இல்லை என்று அர்த்தம். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு சின்னக் கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்பினேன். அசையக் கூடாத இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பி இறங்கியது. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற பின் பக்க மவுண்ட் ரப்பர் இரண்டாகக் கிழிந்து, மண் அப்பிப் போய், வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருப்பது போலவே உட்கார்ந்திருந்தது. வண்டி சும்மா நிற்கும்போது புல்லிகள் நேராகத்தான் இருக்கும், அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் சரியாகவே காட்டும். பாரம் இழுக்கும்போதுதான் இன்ஜின் சாய்கிறது. அதனால்தான் டீலர் ஆள் வந்து பார்த்து, எல்லாம் சரி, டிரைவர்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பண்ணை முதலாளியைக் கூப்பிட்டு, கடப்பாரையை அவர் கையிலேயே கொடுத்து நெம்பச் சொன்னேன். இரண்டு தடவை நெம்பினார். ஒன்றும் பேசவில்லை, போனை எடுத்து மவுண்டுக்கு ஆர்டர் சொன்னார்.

நான் சொல்ல வந்தது இதுதான். பெல்ட் அறுந்தால் எல்லோரும் புதுப் பெல்ட் வாங்க ஓடுகிறார்கள், இன்னும் கெட்டியான பெல்ட் எந்தக் கம்பெனி என்று விசாரிக்கிறார்கள், பழையதை ஒரு கணம் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரிதான் இது. பக்கவாட்டு இரண்டும் கண்ணாடி போல மினுங்கினால் பெல்ட் வழுக்கியிருக்கிறது. தண்ணீரோ ஆயிலோ பட்டிருக்கும், இல்லையென்றால் பின் புல்லி ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். உள்பக்கப் பற்களின் அடியில் குறுக்கே வெடிப்பு ஓடினால் அது வயசும் சூடும். பல் கொத்தாகப் பெயர்ந்திருந்தால், பழைய பெல்ட்டுக்குப் பெரிய உதை ஏதோ விழுந்திருக்கிறது, சக்கரம் காற்றில் சுழன்று சடாரென்று தரையில் பிடித்த மாதிரி. முழுசும் ஒரே சீராகத் தேய்ந்து அகலம் குறைந்திருந்தால் யார் மேலும் குற்றம் இல்லை, அது ஆயுள் முடிந்து போனது. அப்படித் தேய்ந்துகொண்டு வருகிறது என்பதை அறுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். வண்டி முன்பு போன வேகம் போகாது, இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி தாமதமாகத்தான் கிளம்பும். கவரைக் கழற்றினால், நிற்கிற வண்டியில் பின் புல்லி விளிம்போடு பெல்ட்டின் முதுகு சமமாகவோ ஒரு நூல் மேலேயோ இருக்க வேண்டும். உள்ளே அமுங்கிக் கிடந்தால் மாற்றுகிற காலம் வந்துவிட்டது. தேய்மானத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அந்தந்த வண்டி மேனுவலில் போட்டிருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும்.

பெல்ட் அறாமலேயே வரும் கோளாறுகள் தனி. புதுப் பெல்ட் போட்டபின் ஐடிலிலேயே வண்டி மெல்ல நகர்கிறது, கியர் லீவரைப் போட்டால் கடகடவென்று கடிக்கிறது என்று வருவார்கள். கியர்பாக்ஸைப் பிரிக்க ஓடாதீர்கள். பெல்ட் இறுக்கமாக இருந்து ஐடிலிலேயே முன் புல்லி அதைப் பிடித்துச் சுற்றுகிறது, அல்லது ஐடில் ஏறிக் கிடக்கிறது, அல்லது புல்லிக்குள் தூசி ஏறித் தட்டு முழுசாகத் திறக்க மாட்டேன் என்கிறது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். கிளம்பும்போது மட்டும் கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் தூசியும் மினுமினுப்பும்தான். பெல்ட் நன்றாக இருந்தும் உதைக்கிறது என்றால் முன் புல்லிக்குள் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும், ஆக்டிவாவில் பார்ப்பதே தான். ஏற்றத்தில் இன்ஜின் அலறியும் வண்டி ஏறவில்லை, பெல்ட்டும் புதுசு என்றால் பின் புல்லி ஸ்பிரிங்கையும் அது சறுக்கி ஏறுகிற சாய்வுத் துண்டையும் பாருங்கள்.

அப்புறம் சூடு. பெல்ட்டைக் கொல்வதில் முதல் எதிரி அதுதான். அந்தக் கவருக்குள் காற்று போக ஒரு குழாய், வர ஒரு குழாய் உண்டு. சீட்டுக்குப் பின்னாலோ பானெட்டுக்கு அடியிலோ அதன் வாய் இருக்கும். இந்த ஊரில் குளிர்காலத்தில் ஒரு மாதம் வண்டியைச் சும்மா நிறுத்தினால் எலி அதற்குள் புல்லை இழுத்துக்கொண்டு போய்க் கூடு கட்டிவிடும். நான் ஒருமுறை அந்தக் குழாயிலிருந்து இரண்டு கை நிறையக் காய்ந்த புல்லும், யாரோ தொலைத்த கையுறையில் பாதியும் வெளியே எடுத்தேன், உள்ளே கண் திறக்காத குஞ்சுகள் நாலு. அவற்றை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். விஷயம் என்னவென்றால், ரப்பர் வாடை வந்த உடனே புதுப் பெல்ட்டுக்குப் பணம் எடுக்காமல் முதலில் அந்தக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். 2022 அக்டோபரில் கோல்பர்ன் ஆறு பெருக்கெடுத்து ஷெப்பார்ட்டன், மூருப்னா எல்லாம் வெள்ளக்காடானது உங்கள் பத்திரிகையிலும் வந்திருக்கலாம். வடிகிற தண்ணீருக்குள் வண்டியை விட்டுக்கொண்டு போய், பாதி வழியில் இன்ஜின் ஓடியும் வண்டி நகராமல் நின்றவர்கள் அப்போது ஏராளம். பெல்ட் நனைந்தால் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். அந்த நேரத்தில் கியரில் வைத்து மிதிப்பது முதல் பெல்ட்டுக்கு அந்தப் பையன் செய்ததையே செய்வதாகும். கவரின் அடியில் ஒரு சின்ன ரப்பர் மூடியோ திருகோ இருக்கும், அதைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, நியூட்ரலில் போட்டு இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட விட்டால் பெரும்பாலும் காய்ந்துவிடும். மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள், மறந்தால் அடுத்த குட்டையில் மறுபடி இதே பாடு.

நம் ஆட்கள் ஓட்டுகிற விதத்தையும் சொல்லியாக வேண்டும், கான்ட்ராக்டரை மட்டும் திட்டி முடித்தால் நியாயம் இல்லை. போடிமெட்டு ஏற்றத்தில் முன்னால் லாரி நின்றுவிட்டால் ஸ்கூட்டரை எப்படி நிறுத்தி வைப்போம்? பிரேக் பிடிக்க மாட்டோம். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக முறுக்கி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் அந்தரத்தில் நிறுத்தி வைப்போம், அதில் ஒரு பெருமை வேறு. அதே பழக்கத்தை இந்த வண்டிக்குக் கொண்டுவந்தால் பெல்ட் அரை நிமிஷத்தில் புகையும். இதில் ஹாஃப் கிளட்ச் என்பதே கிடையாது. நிற்பதானால் பிரேக். கிளம்புவதானால், பாரம் இருந்தாலோ மேடு இருந்தாலோ சேறு இருந்தாலோ, லோவில் போட்டு, பயந்து பயந்து தடவாமல் ஒரே சீராக மிதிக்க வேண்டும், அப்போதுதான் தட்டு பெல்ட்டை முழுசாகக் கவ்வும். ஹை என்பது வெறும் வண்டியில் தார் ரோட்டிலோ நல்ல மண் ரோட்டிலோ வேகமாகப் போக மட்டும். பழத் தொட்டி டிரெய்லரை நடை வேகத்தில் இழுக்கிறவன் ஹையில் இழுத்தால் பெல்ட் நாள் முழுக்க வழுக்கிக்கொண்டே இருக்கும், வாடை வரும்போது பாதி ஆயுள் போயிருக்கும். இதை அந்தப் பையனுக்கு வேலைக்குச் சேர்ந்த அன்று யாரும் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்து, அதோ அந்த வரிசை என்று கையைக் காட்டியிருக்கிறார்கள், உங்கள் கட்டுரை மாதிரியே.

மாற்றும்போது ஆகிற தப்புகளும் உண்டு. அறுந்த பெல்ட்டின் நூல் முன் புல்லிக்குப் பின்னால் போய்ச் சுற்றிக்கொள்ளும். அந்த நூல் நைலான் மாதிரி சாதாரணம் இல்லை, குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுகிற ரக இழையே பல பெல்ட்டுகளில் இருக்கிறது. அதை எடுக்காமல் புதுசை மாட்டினால் அது இன்ஜின் ஆயில் சீலை அறுத்துவிடும், ஆயில் கசியும், புல்லியில் படும், புதுப் பெல்ட்டும் வழுக்கும். இரண்டு மாதம் கழித்து வந்து பெல்ட் கம்பெனியைத் திட்டுவார்கள். வெளியே போகிற காற்றுக் குழாயிலும் ரப்பர்த் துண்டுகள் அடைத்திருக்கும், அதையும் எடுங்கள். புல்லித் தட்டைப் பிரேக் கிளீனரோ அசிட்டோனோ நனைத்த துணியால் துடைத்து, பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் போன்ற ஒன்றால் லேசாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்தால் போதும். மாவு மில்லில் பெல்ட் வழுக்கினால் மெழுகு தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், மதுரை கோச்சடையில் ஃபென்னர் செய்கிற வி-பெல்ட்டைத் தொட்டுப் பழகிய கைகள். அந்த வித்தையை இங்கே காட்டாதீர்கள். மெழுகு, கிரீஸ், ஆயில் எதுவும் இந்தத் தட்டுகளில் படக் கூடாது, புதுப் பெல்ட்டை மாட்டுகிற கையும் சுத்தமாக இருக்க வேண்டும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றுகிற திசைக்கு வையுங்கள். ஏற்கெனவே ஓடின பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதானால் முன்பு எந்தத் திசையில் ஓடியதோ அதே திசை. புதுசைப் போட்ட அன்றே டிரெய்லரை மாட்டி இழுக்காதீர்கள். முதல் 50 கிலோமீட்டர் போல மிதமாக ஓட்டினால் பெல்ட்டும் தட்டும் ஒன்றோடொன்று படிந்துவிடும்.

கவர் இல்லாமல் இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறேன் என்று எவனாவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பெல்ட் துண்டு கத்தி மாதிரி பறந்து வரும். பெல்ட் இல்லாமல் இன்ஜினை ஏற்றினால் முன் புல்லியே கெட்டுப்போகும். இன்னொன்று, இறக்கத்தில் பெல்ட் அறுந்தால் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைக்காது, அப்போது பிரேக் ஒன்றுதான் துணை. அதனால் பிரேக் சரியில்லாத வண்டியில் பெல்ட் நன்றாக இருக்கிறதே என்று மேட்டுப் பக்கம் ஏறாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்கிற வேலையும் இதில் நடக்காது, நான் இங்கே வந்த புதிதில் இரண்டு பேரை வைத்து மூச்சு வாங்கத் தள்ளிப் பார்த்தவன், தொளதொளப் பெல்ட்டில் இன்ஜின் எங்கே சுற்றும்.

சம்பளத்தில் பிடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் 2009-ஆம் வருஷத்து ஃபேர் ஒர்க் சட்டப்படி, பொதுவாகத் தொழிலாளி எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் சம்பளத்தில் பிடிக்க முடியாது, ஒப்புக்கொண்டாலும் அந்தப் பிடித்தம் முக்கியமாகத் தொழிலாளியின் நன்மைக்காக இருக்க வேண்டும். முதலாளி வண்டிக்குப் பெல்ட் வாங்குவது எந்தத் தொழிலாளிக்கு நன்மை என்று எனக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி எதையாவது நீட்டினால் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். எங்கள் பையன் விஷயத்தில் அதற்குள் போகவே தேவைப்படவில்லை. மூன்று பெல்ட்டையும் அந்தத் தார்ப்பாயிலேயே விட்டு வைத்தோம், கான்ட்ராக்டர் வந்து பார்த்தார், பிடித்தம் என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. பையன் மட்டும், முதல் பெல்ட்டுக்கு நான் கொடுத்துவிடுகிறேன் என்று முதலாளியிடம் போய் நின்றிருக்கிறான். அவர் சிரித்துவிட்டு, பணத்துக்குப் பதிலாக மற்ற டிரைவர்களுக்கு அந்த இடுப்பு ஒடுங்கின பெல்ட்டைக் காட்டிச் சொல்லிக்கொடு என்றாராம்.

நான்காவது பெல்ட் ஏப்ரல் முதல் வாரம் போட்டது, புது மவுண்டோடு. இப்போது ஜூலை, கவாத்து நடக்கிறது. வெட்டிப் போட்ட கிளைகளை இழுத்துக்கொண்டு அதே பெல்ட்தான் ஓடுகிறது. கவரின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் தேதியும் மீட்டர் காட்டின மணியும் எழுதி வைத்திருக்கிறான், அதற்குக் கீழே தமிழில் "லோ" என்று பெரிசாக ஓர் எழுத்து. பழைய முதல் பெல்ட் ஷெட் ஆணியில் தொங்குகிறது.

அடுத்த வாரம் திருத்தம் போடுவதானால் "கிளட்ச் கிடையாது" என்பதை "இரண்டு உண்டு" என்று மாற்றிப் போடுங்கள். இடம் இருந்தால் எலிக்கூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
போடிநாயக்கனூர் வாசகர்,
ஷெப்பார்ட்டன், விக்டோரியா